அலர்ஜி உள்ள பெண்களுக்கு ஊதிப் பார்த்து ஆஸ்துமா கண்டுபிடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக்கணக்காகத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, அல்லது தோலில் கரப்பான். அதோடு வாழப் பழகியாகிவிட்டது. இப்போது கொஞ்ச நாளாக விடியற்காலையில் இருமல், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம். போய்ச் சொன்னால் டாக்டர் ‘ஃபீனோ எடுத்துப் பார்ப்போம்’ என்கிறார். அந்த நிலையில் இருக்கிற பெண்கள் கேட்கும் கேள்விகளும் அதற்கான பதில்களும் கீழே. சில பதில்கள் நீளம், விஷயம் அப்படி.

ஃபீனோ டெஸ்ட் என்றால் என்ன?

நீங்கள் வெளியே விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, கதிர்வீச்சு கிடையாது. ஒரு சின்னக் கருவியில் மெதுவாக ஊதினால் சற்று நேரத்தில் திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணின் அலகு பிபிபி, அதாவது நூறு கோடி பங்கு காற்றில் இந்த வாயு எத்தனை பங்கு என்ற கணக்கு.

ஏதோ ஒரு வாயுவை வைத்து ஆஸ்துமாவை எப்படிச் சொல்கிறார்கள்?

மனிதர் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடு இருக்கிறது என்று ஸ்வீடனில் 1991-ல் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடம் அது அதிகமாக இருக்கிறது என்று 1993-ல் தெரிய வந்தது. (இதே வாயு ரத்தக் குழாய்களுக்குள் சேதி சொல்லும் வேலையையும் செய்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அது தனிக் கதை.)

நடப்பது இதுதான். அலர்ஜி வகை அழற்சியில் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்று இரண்டு வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. இவை மூச்சுக்குழலின் உள்சுவரில் இருக்கும் செல்களைத் தூண்டிவிட, அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் நொதியை அதிகமாகத் தயாரிக்கின்றன, அது மூச்சோடு கலந்து வெளியே வருகிறது. ஆக, கருவி நேரடியாக ஆஸ்துமாவை அளக்கவில்லை. மூச்சுக்குழலில் இந்த வகை அழற்சி எவ்வளவு என்பதை அளக்கிறது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தானாகவே தெளியும்.

எப்படி ஊத வேண்டும்? ஸ்பைரோமெட்ரி போலத்தானா?

இல்லை, கிட்டத்தட்ட நேர் எதிர். ஸ்பைரோமெட்ரியில், அதாவது பலமாக ஊதிக் காற்றுப்பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையில், பக்கத்தில் நிற்பவர் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்’ என்று விரட்டுவார், நீங்களும் கண் பிதுங்க ஊதுவீர்கள். அந்த ஞாபகத்தில் இதையும் பலமாக ஊதினால் கருவி அளவை நிராகரித்துவிடும்.

முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். பிறகு வாயில் வைக்கும் குழாயை உதடு விலகாமல் கவ்விக்கொண்டு அதன் வழியாகவே ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். கருவியில் உள்ள வடிகட்டி வெளிக்காற்றிலிருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை நீக்கிவிட்டுத்தான் உள்ளே விடும். மூச்சைப் பிடித்து வைக்காமல் உடனே ஊத ஆரம்பிக்க வேண்டும், விநாடிக்கு 50 மில்லி என்ற ஒரே வேகத்தில், பெரியவர்கள் சுமார் 10 விநாடி. பெரும்பாலான கருவிகளில் திரையில் ஏதாவது ஒரு படம் இருக்கும், வேகம் சரியாக இருந்தால் அது நடுவில் நிற்கும், கூடினாலோ குறைந்தாலோ மேலே கீழே போகும். அதைப் பார்த்துக்கொண்டே ஊதினால் போதும். முதல் தடவை தவறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்னொரு தடவை ஊதச் சொல்வார்கள்.

வேகத்தில் ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், வேகமாக ஊதினால் வாயு நீர்த்துப்போய் எண் குறையும், மெதுவாக ஊதினால் கூடும். கருவி கொடுக்கும் லேசான எதிர்ப்புக்கும் காரணம் உண்டு. அந்த அழுத்தத்தில்தான் அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்குப் பாதையை மூடுகிறது. சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்ஸைடு எக்கச்சக்கமாக இருக்கும், அது கலந்துவிட்டால் நுரையீரலின் கணக்கு கெட்டுப்போகும். மூக்கு அலர்ஜி உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், ஊதும்போது மூக்கு வழியாகக் காற்று கசியக் கூடாது.

எண் எவ்வளவு இருந்தால் ஆஸ்துமா?

ஒரே ஓர் எல்லைக்கோடு கிடையாது. அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே குறைவு, 25 முதல் 50 வரை இடைநிலை, 50-க்கு மேல் அதிகம். ஐரோப்பிய சுவாச சங்கம் 2022-ல் 40 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் 2024 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல், அறிகுறிகள் ஆஸ்துமா போலவே இருந்து எண்ணும் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்கு ஆஸ்துமா என்று முடிவு செய்யலாம் என்கிறது.

ஒருவர் 40 என்கிறார், இன்னொருவர் 50 என்கிறார், இது என்ன என்று தோன்றும். கோட்டைக் கீழே வைத்தால் நோய் இல்லாத சிலரும் வலையில் விழுவார்கள், மேலே வைத்தால் நோய் உள்ள பலர் தப்பிவிடுவார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் குழுக்களுக்குள் கருத்து மாறுகிறது, அவ்வளவுதான். எல்லோரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: ‘அறிகுறிகள் இருந்து’ என்ற வார்த்தை. அறிகுறியே இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

எனக்குத்தான் ஏற்கெனவே மூக்கு அலர்ஜி இருக்கிறதே, அதனாலேயே எண் கூடிவிடாதா?

கூடும். இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வியே இதுதான்.

அலர்ஜி மூக்கு, எக்சிமா, பொதுவாக அலர்ஜி உடல்வாகு என்று எது இருந்தாலும் ஆஸ்துமா இல்லாமலேயே ஃபீனோ கொஞ்சம் உயரலாம். இயோசினோபிலிக் பிராங்கைட்டிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, அதில் இருமல் இருக்கும், எண் உயரும், ஆனால் மூச்சுக்குழல் சுருங்குவதில்லை, ஆகவே அது ஆஸ்துமா ஆகாது. அலர்ஜி உள்ளவர்களிடம் எண்ணுக்கு இருக்கும் பிரித்துக் காட்டும் சக்தி, அலர்ஜி இல்லாதவர்களிடம் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். 30, 35 என்று வரும் இடைநிலை எண்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

ஒரு கற்பனை உதாரணம். இரண்டு பெண்கள், இருவருக்கும் மூக்கு அலர்ஜி, இருவருக்கும் எண் 42. முதலாமவருக்கு வருடத்தில் சில மாதங்கள் தும்மல் வரும், அந்த மாதங்களில்தான் டெஸ்ட் எடுத்தார், இருமல் இல்லை, ஓடினாலும் மூச்சு வாங்குவதில்லை. இரண்டாமவர் வாரத்தில் பல நாள் விடிகாலை மூன்று மணிக்கு இருமலோடு எழுகிறார், சிரித்தால்கூட இருமல், குளிர்காற்று பட்டால் ‘கீய்ங்’ என்று சத்தம். அந்த 42 முதலாமவருக்குப் பெரும்பாலும் அலர்ஜியின் எண், இரண்டாமவருக்கு ஆஸ்துமாவின் பக்கம் கனமாகச் சாய்க்கிற எண். கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் கதையைக் கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

அதற்காக, அலர்ஜி உள்ளவர்களுக்கு இந்த டெஸ்ட்டே வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அலர்ஜி மூக்கும் ஆஸ்துமாவும் ஒரே பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்குத் தொல்லையும் இருக்கிறது, மூக்கு அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஆஸ்துமா ஏற்கெனவே இருக்கிறது அல்லது பின்னால் வருகிறது. ‘எனக்கு வெறும் சைனஸ்தான்’ என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு 70, 80 என்று வந்தால், நுரையீரலையும் கவனிக்கச் சொல்லி வந்த தகவல் அது. அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

எண் 14 தான் வந்தது. அப்போ ஆஸ்துமா இல்லை, சரியா?

சரியில்லை. எல்லா ஆஸ்துமாவும் அலர்ஜி வகை கிடையாது. நடுவயதில் முதல்முறையாக வரும் ஆஸ்துமாவில் ஒரு வகை, உடல் எடை கூடிய பெண்களிடம் அதிகம் காணப்படுவது, ஃபீனோவை உயர்த்தாமலேயே இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு எண் தாழ்ந்துவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலரோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தாலும் தாழும். மூச்சுக்குழல் இறுகிப்போன நேரத்தில் ஊதினாலும் குறைத்துக் காட்டும், அதாவது நீங்கள் திணறிக்கொண்டிருக்கும்போதே எண் சாதுவாக இருக்கலாம். வைரஸ் சளி பிடித்திருந்தால் எந்தப் பக்கமும் போகலாம்.

ஆக அதிக எண் ஆஸ்துமாவுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லும். குறைந்த எண்ணுக்கு ‘இல்லை’ என்று சாட்சி சொல்லும் பலம் கிடையாது. ‘ஃபீனோ நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று ஒரு பெண்ணை அறிகுறிகளோடு வீட்டுக்கு அனுப்பினால், அது டெஸ்ட்டின் தவறல்ல, படித்தவரின் தவறு.

பெண்களுக்கு என்று இதில் என்ன தனி?

சிறுவயதில் ஆஸ்துமா பையன்களுக்குத்தான் அதிகம். பருவமடையும் வயதில் அது மாற ஆரம்பித்து, பெரியவர்களில் பெண்களிடம் அதிகமாகிவிடுகிறது. ஹார்மோன்களுக்கு இதில் பங்கு இருக்கிறது என்று கருதுகிறார்கள், அது மட்டும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபீனோவைப் பொறுத்தவரை ஆரோக்கியமான பெண்களின் எண் சராசரியாக ஆண்களின் எண்ணைவிடக் குறைவு. உயரமும் வயதும்கூட எண்ணைப் பாதிக்கும். ஆனால் மேலே சொன்ன 25, 40, 50 எல்லாம் ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக வகுத்த கோடுகள். அதனால் குள்ளமான ஒரு பெண்ணுக்கு 38 வருவதும் நல்ல உயரமான ஓர் ஆணுக்கு 38 வருவதும் ஒரே கனம் உள்ளவை அல்ல என்பது என் வாசிப்பு. கோட்டுக்கு இரண்டு மூன்று புள்ளி கீழே இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை மூடி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று வேலை. தலைமுடி நிறம் நீக்கும் ரசாயனங்களோடு பார்லரில் நாள் முழுக்க நிற்பவர்கள், பிளீச், கிருமிநாசினி ஸ்பிரே எல்லாம் கொண்டு சுத்தம் செய்பவர்கள், நர்ஸ்கள் ஆகியோருக்கு வேலையினால் வரும் ஆஸ்துமா தெரிந்த விஷயம். வேலைநாளில் இருமல், விடுமுறையில் நிம்மதி என்று இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இருமலும் இளைப்பும் கூடுகிறது. என் கற்பனையா?

கற்பனை இல்லை. ஆஸ்துமா உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை அந்த நாட்களில் அறிகுறிகள் கூடுவதாகச் சொல்கிறார்கள். மாதச் சுழற்சியில் ஃபீனோவும் மாறுவதாகச் சில சிறிய ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதற்காக டெஸ்ட்டை இந்தத் தேதியில்தான் எடுக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் எடுத்த அன்று சுழற்சியில் எந்த நாள் என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால், அடுத்த முறை ஒப்பிடும்போது உதவும். இரண்டு மூன்று மாதம் அறிகுறிகளைத் தேதியோடு எழுதிப் பாருங்கள், ஒழுங்கு இருந்தால் தாளில் தெரிந்துவிடும்.

கர்ப்பமாக இருக்கிறேன். ஊதலாமா?

தாராளமாக. மருந்து எதுவும் உள்ளே போவதில்லை, நீங்கள் செய்வது மெதுவாக மூச்சு விடுவது மட்டும்தான். மூச்சுக்குழலைச் சுருக்கிப் பார்க்கும் மெத்தகோலின் பரிசோதனையைக் கர்ப்பகாலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அலர்ஜிக்கான தோல் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த நேரத்தில் ஃபீனோவும் ஸ்பைரோமெட்ரியும்தான் கைகொடுக்கும்.

ஆஸ்திரேலியாவில் 220 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃபீனோ எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்த குழுவில் ஆஸ்துமா தீவிரமாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பிறகு வந்த பெரிய ஆய்வில் குழந்தை பிறப்பு சம்பந்தமான விளைவுகளில் அப்படி ஒரு லாபம் தெரியவில்லை. அதனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் எடுக்க வேண்டிய டெஸ்ட் என்று இதைச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் நிறைய. கட்டுப்பாடில்லாத ஆஸ்துமா தாய்க்கும் குழந்தைக்கும் செய்யும் கேடு, வழக்கமான இன்ஹேலர் மருந்தினால் வருவதைவிடப் பெரிது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கேட்பதற்கு முன் நிறுத்தாதீர்கள்.

ஸ்பைரோமெட்ரி நார்மல் என்று வந்தது, ஃபீனோ மட்டும் அதிகம். எதை நம்புவது?

இரண்டையும். அவை வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. ஸ்பைரோமெட்ரி காற்றுப்பாதை அந்த நேரத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும், ஃபீனோ உள்சுவரில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும். ஆஸ்துமாவின் குணமே வந்து வந்து போவதுதான். நல்ல நாளில், பகல் பதினொரு மணிக்கு ஊதினால் ஸ்பைரோமெட்ரி அழகாகத்தான் வரும். காற்றுக்குழலை விரிக்கும் இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொல்லி, முதல் விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் குழல் இன்னும் எங்கே விரியும்?

அந்த இடத்தில் உதவுவது பீக் ஃப்ளோ மீட்டர். சாதாரண பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் அளவுகோல், ஊதினால் முள் நகரும். காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி எழுதி வைக்க வேண்டும். ஒரு நாள் காலையில் 340, மாலையில் 420 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80, இரண்டுக்கும் நடு 380, ஆக ஏற்ற இறக்கம் 21 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் போட்டு இரண்டு வாரச் சராசரி எடுத்தால், ஜீனா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது மிகை. பிரிட்டன் வழிகாட்டுதல் 20 சதவீதம் கேட்கிறது. அலர்ஜி உள்ள பெண்ணுக்கு இடைநிலை ஃபீனோ வந்திருந்தால் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு வார நோட்டைத்தான், ஏனென்றால் வெறும் மூக்கு அலர்ஜி ஃபீனோவை உயர்த்தலாம், பீக் ஃப்ளோவை இப்படி ஆட்டி வைக்காது.

அதிலும் தெளிவு வராவிட்டால் மெத்தகோலின் போன்ற பரிசோதனை. மூச்சுக்குழல் எவ்வளவு சுலபமாகச் சுருங்குகிறது என்று மேற்பார்வையில் வைத்துப் பார்ப்பது. எல்லோருக்கும் தேவைப்படாது.

ரத்தத்தில் இயோசினோபில் பார்த்தால் போதாதா?

இயோசினோபில் என்பது அலர்ஜி வகை அழற்சியில் கூடும் ஒரு வகை வெள்ளை ரத்த அணு. பல இடங்களில் அதுவும் பார்ப்பார்கள், பிரிட்டன் வழிகாட்டுதலில் ஃபீனோ அல்லது இயோசினோபில் எது உயர்ந்திருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நோயின் வெவ்வேறு கிளைகளைக் காட்டுகின்றன, ஒன்று கூடி மற்றொன்று சாதாரணமாக இருப்பதும் உண்டு. வயிற்றுப் புழுக்கள்கூட இயோசினோபிலைக் கூட்டும் என்பதால் அதிலும் எண் மட்டும் பேசாது.

டெஸ்ட்டுக்கு முன்னால் என்ன செய்யக் கூடாது?

கீரை, லெட்யூஸ், பீட்ரூட் மாதிரி நைட்ரேட் அதிகம் உள்ளவை எண்ணை உயர்த்திவிடும், அன்று அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, மது, சிகரெட், கடும் உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரே நாளில் ஸ்பைரோமெட்ரியும் இருந்தால் ஃபீனோவை முதலில் எடுக்க வேண்டும், பலமாக ஊதிய பிறகு எடுத்தால் எண் கொஞ்சம் குறையும். வரிசையை மாற்றிச் செய்தால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை. சளிக்காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம்.

அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

தோல் பரிசோதனைக்குத்தான் அலர்ஜி மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், அந்த விதியை இதற்கும் கொண்டுவர வேண்டியதில்லை. ஸ்டீராய்டு விஷயம் வேறு. இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, மாத்திரை என்று எது எடுத்தாலும் பெயரும் அளவும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முடிந்தால் ஸ்டீராய்டு ஆரம்பிப்பதற்கு முன்பே முதல் ஃபீனோவை எடுத்துவிடுவதுதான் நல்லது. பலர் இரண்டு மாதம் இன்ஹேலர் எடுத்த பிறகு வந்து ஊதுவார்கள், எண் 18 வரும், அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

மூச்சுத்திணறல் இருக்கிறது, ஆனால் எல்லா டெஸ்ட்டும் சாதாரணம். ‘மனப் பிரச்சினை’ என்கிறார்கள்.

அந்த முடிவுக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது. குரல்நாண்கள் மூச்சை இழுக்கும்போது விரியாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, பெண்களிடம் அதிகம் காணப்படுவது, ஆஸ்துமா என்று வருடக்கணக்காக மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது இதுதான். இதில் இறுக்கம் நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் தெரியும், மூச்சை விடும்போதைவிட இழுக்கும்போது சிரமம், சட்டென்று வந்து சட்டென்று போகும், இன்ஹேலர் கேட்காது. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், பேச்சுப் பயிற்சி நிபுணரின் மூச்சுப் பயிற்சி நன்றாகவே உதவும்.

ரத்தசோகை, அமிலம் மேலே ஏறுவது, தைராய்டு, இதயம் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வதுதான் நியாயம்.

மருந்து ஆரம்பித்த பிறகு மறுபடி ஊத வேண்டுமா?

பல சமயம் முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் அதிகம் பேசும். ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒழுங்காக உள்ளே போனால் ஃபீனோ சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். முதல் எண் 50-க்கு மேல் இருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றம், 50-க்குக் கீழே இருந்தால் 10 புள்ளிக்கு மேல் மாற்றம் இருந்தால்தான் உண்மையான மாற்றம். 33 போய் 29 ஆனால் மகிழவோ, 29 போய் 33 ஆனால் பதறவோ தேவையில்லை.

இறங்கவே இல்லை என்றால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: தினமும் எடுக்கிறீர்களா, எடுக்கும் விதம் சரியா (பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும் கேஸ்கள் ஏராளம்), அலர்ஜி தரும் பொருள் வீட்டிலேயே இருக்கிறதா, மூக்கு கவனிக்கப்படாமல் இருக்கிறதா. தீவிர ஆஸ்துமாவுக்கான ஊசிகளில் டுபிலுமாப் இன்டர்லூகின்-4, 13 பாதையையே அடைப்பதால் ஃபீனோவை நன்றாக இறக்கும். மெபோலிசுமாப் வேறு பாதையில் வேலை செய்வதால், நோயாளி நன்றாக இருந்தும் எண் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். அந்த ஊசி போடுகிறவர்கள் எண் இறங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

மூச்சின் வாசனையை வைத்து நோய் கண்டுபிடிக்கும் ‘எலக்ட்ரானிக் மூக்கு’ என்று படித்தேன். அது வந்துவிட்டதா?

வந்துகொண்டே இருக்கிறது. மனித மூச்சில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருப்பதை வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 1971-லேயே காட்டியது. அந்தக் கலவையின் மொத்தச் சாயலைப் படித்து ஆஸ்துமாவைப் பிரிக்கப் பல ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன, நம்பிக்கை தரும் முடிவுகளும் வந்துள்ளன. சிக்கல் என்னவென்றால் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் சாயல் இன்னொன்றில் அப்படியே கிடைப்பதில்லை, சாப்பிட்டது, அறைக்காற்று, கருவி எல்லாமே அதில் கை வைக்கின்றன. மூச்சைக் குளிர்வித்து நீராக்கி அதன் அமிலத்தன்மையைப் பார்க்கும் முறையும் இருக்கிறது, அதுவும் ஆய்வோடு நிற்கிறது. ஆஸ்துமா நோயறிதலுக்கு என்று வழிகாட்டுதல்களில் இடம்பிடித்த மூச்சு வாயு அளவீடு இப்போதைக்கு ஃபீனோ ஒன்றுதான். ஃபோனில் ஊதினால் ஆஸ்துமா சொல்லும் என்று யாராவது செயலி விற்றால் அந்தப் பணத்தில் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள்.

என் மகளுக்கும் தும்மல் இருக்கிறது. அவளுக்கும் இதே எண்களா?

இல்லை. சிறுவர்களுக்கு 20-க்குக் கீழே குறைவு, 35-க்கு மேல் அதிகம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால் சீராக ஊத முடியாது என்பதால் வழக்கமாக எடுப்பதில்லை.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய ஃபீனோ, ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டுகள், எடுத்த தேதியோடு. எடுக்கும் மருந்துகள் எல்லாம், இன்ஹேலரையே பையில் போட்டுக்கொண்டு போங்கள், அவர் முன்னால் ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள். பீக் ஃப்ளோ நோட்டு இருந்தால் அது. இருமும்போது வீசிங் சத்தம் கேட்டால் ஃபோனில் பதிவு செய்து கொண்டுபோகலாம், ஏனென்றால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் நேரம் பார்த்து அந்தச் சத்தம் காணாமல் போய்விடும்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, அவசர இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை என்றால் ரிப்போர்ட் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.